பவானியில் மகசீர் குஞ்சு விடலாமா? வேண்டாம், காரணம் சொல்கிறேன்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்து இளைஞர் குழு ஒன்று கேட்டிருக்கும் கேள்வி இது. வரும் ஆடிப்பெருக்கு அன்று பவானி ஆற்றில் ஐயாயிரம் மகசீர் குஞ்சுகளை விடுவது என்று முடிவு செய்து, பணமும் சேர்த்துவிட்டார்கள். "காவிரி மகசீர் அழியும் நிலையில் இருப்பதாகப் படித்தோம். குஞ்சு எங்கே கிடைக்கும், எந்த அளவில் வாங்கினால் பிழைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் எண்ணம் நல்ல எண்ணம், அதனால்தான் ஒரு வரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. இந்த மீன் இன்றைக்கு இப்படி அருகிப்போனதற்கு, இதே மாதிரி நல்ல எண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட குஞ்சுகளும் ஒரு முக்கியமான காரணம். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் மீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகசீர் என்பது ஒரே மீனின் பெயர் கிடையாது. கெண்டைக் குடும்பத்தில் டோர் என்று ஒரு பேரினம் இருக்கிறது, இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை ஓடும் ஆறுகளில் அதில் பல இனங்கள் உண்டு, எல்லாவற்றையும் பொதுவாக மகசீர் என்கிறோம். நம் பக்கத்தில் பொம்மீன், பூமீன் கெண்டை என்றெல்லாம் பெயர்கள் உண்டு. நீங்கள் படித்த, அழிந்துகொண்டிருக்கும் மீன் திமில் மகசீர். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் இயற்கையாகக் கிடையாது. பெரிய மீனுக்குத் தலைக்குப் பின்னால், முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் வரைக்கும் மேடு ஒன்று எழுந்து நிற்கும், காளைத் திமில் மாதிரி. வாலும் துடுப்புகளும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. பிடித்தவர் மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்துவந்த வான் இங்கென் குடும்பத்துக்காரர். ஒரு சராசரி ஆளின் எடையில் ஒரு கெண்டை மீன் நம்முடைய ஆற்றில் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

இதன் வாயைத் திறந்து பார்த்தால் பல் ஒன்றும் தெரியாது. தடித்த உதடு, இரண்டு ஜோடி மீசை, குழாய் மாதிரி முன்னால் நீளும் வாய், அவ்வளவுதான். பல்லெல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது. தொண்டை எலும்பு ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அரிவாள் போல வளைந்த எலும்பு, அதன் உள்பக்கத்தில் வரிசை வரிசையாகக் கொக்கி நுனியோடு பற்கள். நண்டு, நத்தை, சிப்பி எது வாய்க்குள் போனாலும் அங்கேதான் நொறுங்கும். இவை மட்டும் என்றில்லை, பழமும் தின்னும். கரையில் சாய்ந்து நிற்கும் அத்தியிலிருந்தும் நாவலிலிருந்தும் விழுகிற பழத்துக்காக மரத்தடி நீரில் காத்திருக்கும். ஆற்றோர மரங்களை வெட்டினால் மீனுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், அந்த மரத்தின் நிழலும் பழமும் இந்த மீனுக்குச் சாப்பாட்டுப் பந்தி.

அப்புறம் இனப்பெருக்கம். உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி இது. ரோகு, கட்லா மாதிரி குளத்து மீன்கள் ஒரு கிலோ உடல் எடைக்கு லட்சக்கணக்கில் முட்டை வைக்கும், ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். மகசீர்கள் கிலோவுக்குச் சில ஆயிரம்தான். முட்டை பெரியது, மஞ்சள் கரு நிறைய, நீரில் மிதக்காமல் கூழாங்கல் இடுக்கில் போய் உட்காரும். பொரிக்க இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிடிக்கும், பொரித்த பிறகும் குஞ்சு உடனே நீந்தாது, மஞ்சள் கருப் பையைச் சுமந்துகொண்டு கல்லிடுக்கிலேயே பல நாள் கிடக்கும். அத்தனை நாளும் அந்தக் கல்லுக்கு மேலே தெளிந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வண்டல் படிந்தால் மூச்சு முட்டும், தண்ணீர் இறங்கிவிட்டால் காய்ந்து போகும். தென்மேற்குப் பருவமழையில் ஆறு புதுவெள்ளமாக வரும்போது பெரிய மீன்கள் ஆழமான மடுக்களை விட்டுக் கிளம்பி மேல்நோக்கி ஏறி, கல்லும் சரளையுமான இடம் தேடிப் போவது இதற்காகத்தான். நாம் ஆடிப்பெருக்கு என்று ஆற்றுக்குப் படையல் வைக்கிற காலமும், இவை முட்டையிடக் கிளம்புகிற காலமும் கிட்டத்தட்ட ஒன்று. நீங்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

சரி, இப்போது பெயர்க் கதைக்கு வருகிறேன். வெறும் அறிவியல் சடங்கு என்று நினைக்காதீர்கள், பாதி விபரீதம் இதில்தான் நடந்தது.

இவ்வளவு பெரிய மீன், 19-ம் நூற்றாண்டிலிருந்து வெள்ளைக்காரத் துரைகள் தூண்டில் போட வரிசையில் நின்ற மீன், இதற்கு 2018 வரைக்கும் உறுதியான அறிவியல் பெயர் இல்லை. சிலர் டோர் முசுல்லா என்றார்கள். அந்தப் பெயர் 1839-ல் மகாராஷ்டிரப் பக்கத்து ஆற்று மீன் ஒன்றுக்கு வைத்தது, அது மகசீரே இல்லை, வேறு பேரினம் என்று பின்னால் தெளிவானது. இதற்கிடையில் கேரளாவில், மறையூர் சின்னார் வழியாக ஓடி நம் அமராவதி அணைக்கு வரும் பாம்பாற்றில், குரூப், ராதாகிருஷ்ணன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கிடைத்த சிறிய மீன்களை வைத்து 2007-ல் டோர் ரெமாதேவி என்று ஒரு புது இனத்தை விவரித்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களை ஆராய்ந்த ரெமாதேவி அவர்களின் பெயரால் வைத்தது. சிறு மீன்களுக்குத் திமில் எழுந்திருக்காது. ஆகவே பாம்பாற்றுச் சிறுமீனும் காவிரியின் ராட்சத மீனும் ஒன்றாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2018-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன், சென்னையைச் சேர்ந்த மார்கஸ் நைட் உள்ளிட்ட குழு மோயாற்றில் உயிரோடு கிடைத்த மீன்களை எடுத்து, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, திமில் மகசீரும் டோர் ரெமாதேவியும் ஒன்றேதான் என்று நிறுவியது. அதே ஆண்டு நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிகவும் ஆபத்தான நிலை என்ற வகையில் சேர்ந்தது. காட்டிலிருந்து முற்றாக மறைவதற்கு முந்தைய கடைசிப் படி அது. பெயர் இல்லாத உயிருக்குப் பட்டியலில் இடமில்லை, பட்டியலில் இல்லாததற்கு நிதியும் இல்லை, திட்டமும் இல்லை. பல பத்தாண்டுகள் அப்படியே போயின.

அந்தப் பல பத்தாண்டுகளில் காவிரியில் என்ன நடந்தது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1970-களில் மகசீர்கள் நாடெங்கும் குறைகின்றன என்ற கவலை வந்தது. லோனாவாலாவில் டாடா பவர் நிறுவனத்தின் ஏரிகளை ஒட்டிய பொரிப்பகத்தில் மகசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வழி கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் அது உண்மையிலேயே பெரிய சாதனை. அங்கே எளிதாகக் கைக்கு வந்த இனம் நீலத்துடுப்பு மகசீர், டோர் குத்ரீ, கிருஷ்ணா நதிப் படுகைக்குச் சொந்தமானது. அதன் குஞ்சுகள் இந்தியா முழுக்க ஆறுகளுக்கும் அணைகளுக்கும் போயின, காவிரிக்கும் வந்தன. மகசீர் குறைகிறது, மகசீர் விடுகிறோம், இதில் என்ன தவறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். காவிரிக்கென்று தனி மகசீர் ஒன்று இருக்கிறது என்று எழுத்தில் யாரும் உறுதி செய்யாத காலம் அது.

இதன் விளைவு நமக்குத் தெரிவது தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகங்களால். கர்நாடகத்தில் பீமேஸ்வரி, காலிபோரே பக்கம் காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் நடந்தன. பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் விதி. 1998-லிருந்து 2012 வரை அப்படி 23,620 மணி நேரம் தூண்டில் போட்டு 6,161 மகசீர்கள் பிடித்து விடப்பட்டதாகக் காலிபோரே பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கணக்கெடுத்தார்கள். அதில் பெரியது 46.8 கிலோ. ஆண்டுக்கு ஆண்டு கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றிக்கதை. ஆனால் சராசரி எடை இறங்கிக்கொண்டே வந்தது. எந்த இனம் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது, பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு. திமில் மகசீர் வருடத்துக்கு வருடம் குறைந்து, கடைசியில் எப்போதாவது ஒன்று கிடைப்பதும் வயதான பெரிய மீனாகவே இருந்தது. சிறுசுகளைக் காணோம். கிழங்கள் மட்டும் இருந்து குழந்தைகள் இல்லாத ஊர் என்ன கதியாகுமோ அதுதான் அங்கே.

நீலத்துடுப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு வெடிக்கு ஒரு மடுவே காலியாகும், மேலே மிதப்பதைவிட அடியில் செத்துக் கிடப்பது அதிகம். கோடையில் தேங்கி நிற்கும் மடுவில் பிளீச்சிங் பவுடர் கரைப்பவர்களும் உண்டு. மணல் அள்ளுவது முட்டையிடும் இடத்தையே அள்ளுவது. அணைகளோ, கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர், பவானிசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று படுகை முழுக்க வரிசையாக நிற்கின்றன. ஏறிப்போக வழியில்லை, புதுவெள்ளம் வரவேண்டிய நேரத்தில் அது அணைக்குள் தேங்கிவிடுகிறது, மின்நிலையத்துக்குத் திறந்து மூடும்போது ஆறு ஒரே நாளில் ஏறி இறங்குகிறது. கல்லிடுக்கில் முட்டை பல நாள் கிடக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்கு இது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இத்தனையும் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்போது, அதே மடு, அதே நண்டு, அதே சரளைக்குப் போட்டியாக, எதையும் தின்று எங்கேயும் பெருகும் உறவுக்கார மீனைக் கொண்டுவந்து விட்டோம். ஆபத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட நீலத்துடுப்பு, 2018 மறுமதிப்பீட்டில் கவலை வேண்டாத வகைக்குப் போய்விட்டது. காவிரிக்கே உரிய மீன் அதே ஆண்டு மறுமுனையில் வந்து சேர்ந்தது.

அந்தத் தூண்டில் முகாம்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கு உடன்பாடு இருக்காது. 2012-ல் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. சட்டப்படி அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் முகாம்கள் இருந்தவரை, முன்னாள் திருட்டு மீன்பிடிகாரர்கள் சிலரே அங்கே காவலாளிகளாகவும் வழிகாட்டிகளாகவும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், ராத்திரி ஆற்றுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் ஓடிப்போக ஆள் இருந்தது. மாற்று ஏற்பாடு செய்யாமல் அதை மூடியது ஆற்றுக்கு நல்லதாக முடியவில்லை என்பது என் கருத்து. உயிரோடு இருக்கும் மீனால் வருமானம் வரும் ஆட்கள் ஆற்றங்கரையில் வேண்டும்.

இப்போது உங்கள் ஆற்றுக்கு வருவோம். திமில் மகசீர் இன்னும் ஓரளவு இயற்கையாக வாழ்வதாக நமக்குத் தெரிந்த மிக முக்கியமான இடம் மோயாறு. நீலகிரியில் இறங்கி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே எல்லையாக ஓடி, பெரிய பள்ளத்தாக்கில் விழுந்து, தெங்குமரகடா வழியாக வந்து பவானிசாகர் அணையில் சேர்கிறது. போக்கு இருப்பது பெரும்பாலும் புலிகள் காப்பகக் காட்டுக்குள் என்பதால்தான் மீன் மிஞ்சியிருக்கிறது. தெங்குமரகடாவில் பரிசலில் ஆற்றைக் கடந்தவர்களுக்குத் தெரியும், காலையில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர், மேலே மின்நிலையத்தில் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் கடக்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். கோடைக் காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது பரிசலின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். அடியில் உருண்டைக் கல், கல்லுக்குக் கல் நடுவே நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும் விரல்நீள மீன்கள், பரிசல் நிழல் பட்டதும் ஒரே திசையில் தெறித்துப் போகும். அவற்றில் எது எந்த இனம் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் திமில் மகசீரின் அடுத்த தலைமுறை எங்காவது இருக்கிறது என்றால் அந்த மாதிரி கல்லுக்கு நடுவில்தான் இருக்க முடியும்.

ஆகவே பவானியில் குஞ்சு விடுவது என்றால் என்ன அர்த்தம்? வளர்ப்பவர்களிடம் நீங்கள் வாங்கக் கிடைக்கும் மகசீர் குஞ்சு பெரும்பாலும் நீலத்துடுப்பாகத்தான் இருக்கும். அணைக்கு மேலே விட்டால் அதற்கு நேராக மோயாற்றுக்கு வழி. கொடிவேரி பக்கம் கீழே விட்டால் அணை தடுக்கும், உண்மைதான், ஆனால் அங்கிருந்து கூடுதுறை வழியாகக் காவிரிக்குப் போகும், அதோடு உங்கள் விழாப் படத்தைப் பார்த்து அடுத்த வருடம் வேறு குழு ஒன்று அணைக்குள்ளேயே கொண்டுபோய் விடும். குஞ்சோடு நோயும் வரும். ஒரு பையில் வேறு இன மீன் நாலைந்து கலந்திருந்தால், அந்த அளவில் தேர்ந்த ஆராய்ச்சியாளருக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆற்றில் விட்ட மீனைத் திரும்ப எடுக்க முடியாது, இது மட்டும் நினைவிருக்கட்டும்.

"அப்படியென்றால் திமில் மகசீரையே பொரித்து விடலாமே" என்று கேட்பீர்கள். ஒருநாள் அதுவும் தேவைப்படலாம். ஆனால் அது அரசும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, மரபணு பார்த்து, எந்தக் கிளை ஆற்றுத் தாய்மீனின் குஞ்சு எந்த ஆற்றுக்குப் போகிறது என்று கணக்கு வைத்துச் செய்ய வேண்டிய வேலை. மிஞ்சியிருப்பதே கொஞ்சம், அதிலிருந்து தாய்மீன்களைப் பிடித்து எடுப்பதே ஆபத்து. அதற்கு முன்னால் ஆறு தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதில் கொண்டுபோய் விடுவது? கர்நாடகம் முன்வைத்திருக்கும் மேகதாது அணை 67 டிஎம்சி கொள்ளளவு கொண்டது, அது வந்தால் 5,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் மூழ்கும், பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயக் காடும் ஆற்றுப் படுகையும். நம் ஊரில் அதைத் தண்ணீர்ப் பங்கீடாக மட்டுமே பேசுகிறோம். இந்த மீனின் பழைய வீடே அந்த இடம்தான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நல்லதும் நடக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது, ஆற்றின் எதிர்க்கரையில் கர்நாடகச் சரணாலயம், இரண்டும் சேர்ந்தால் ஆற்றின் இரண்டு கரையும் காப்புக்குள் வருகிறது. 2025-ல் சிங்கவால் குரங்கு, சென்னை முள்ளெலி, கழுதைப்புலி, இவற்றோடு திமில் மகசீரையும் சேர்த்து நான்கு உயிரினங்களுக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. தொகை சிறியதுதான், ஆனாலும் ஒரு ஆற்று மீன் பெயர் அரசாணையில் வந்ததைப் பார்த்து நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

உங்கள் குழு என்ன செய்யலாம்? சேர்த்த பணத்தைக் கரையில் போடுங்கள். நீர்மருது, அத்தி, நாவல், புங்கன், நம் ஆற்றோரத்துக்கே உரிய கன்றுகளாக வாங்கி, வனத்துறையிடமோ நீர்வளத்துறையிடமோ அனுமதி வாங்கி நட்டு, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றுங்கள். தோட்டா போடுகிற, மருந்து கலக்குகிற இடம் உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது, அதைத் தெரிவிக்க ஆள் வேண்டும். அலங்காரத் தொட்டி மீனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் ஆற்றில் கொட்டுபவர்களைத் தடுங்கள். அப்புறம், ஊரில் வயதான மீன்காரர்கள், பரிசல்காரர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: பொம்மீன் கடைசியாக எந்த வருடம் பார்த்தார்கள், எந்த மடுவில், எவ்வளவு பெரியது, வால் என்ன நிறம். அணைக்குக் கீழே இந்த மீன் எதுவரை இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

யாருடைய வலையிலாவது பெரிய செதில் மீன் ஒன்று உயிரோடு மாட்டினால், தண்ணீரிலேயே வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டு உடனே விட்டுவிடச் சொல்லுங்கள். தலையிலிருந்து முதுகுத் துடுப்பு வரை உள்ள வளைவும் வாலின் நிறமும் படத்தில் தெளிவாக இருக்க வேண்டும், பக்கத்தில் அளவுக்கு ஒரு கை. இடத்தின் பெயரைப் பொதுவில் போடாதீர்கள், வனத்துறைக்கும் மீன் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் மட்டும் அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் வால் நிறத்தைப் பார்த்து எந்த இனமாக இருக்கலாம் என்று சொல்கிறேன்.